பழைய ஸ்லைட் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது

நேற்றிரவு முதல் போன் ஓயவில்லை. அப்பப்பாவின் கொர்னெட்டை (ட்ரம்பெட் மாதிரி ஒரு பித்தளை ஊதுவாத்தியம்) நான் வெட்டிக் "கொலை" செய்துவிட்டேனாம். அப்படிச் சொல்லி அதன் படத்தை யார் போட்டது, முதல் கமென்ட் யாருடையது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுவோம். நான் வெட்டவில்லை. புதிதாக ஒரு டியூனிங் ஸ்லைட், அதாவது சுருதி சேர்க்க இழுக்கிற U வடிவக் குழாய், செய்வித்தேன், அவ்வளவுதான். பழையது துணியில் சுற்றி அதே பெட்டிக்குள் இருக்கிறது.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது பழைய இங்கிலாந்து ஹை பிட்ச் வாத்தியம், இன்றையதைவிடச் சுருதி கூட. அங்கத்தைய பித்தளை பாண்ட்களின் 'ஏ' ஸ்வரம் 452 சொச்சம் ஹேர்ட்ஸ், இன்றைய கீபோட் 440. 1955ல் 440 என்று சர்வதேசத் தரம் வந்த பிறகும் அங்கே அறுபதுகள் வரை பழையதை விடவில்லை. கிட்டத்தட்ட அரை செமிடோன் வித்தியாசம் (செமிடோன் என்றால் கீபோட்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையில் உள்ள தூரம்). நத்தார் பாட்டுப் பயிற்சியில் முதல் வரியை ஊதினேன். கீபோட் தம்பி கையை எடுத்துவிட்டு, "அங்கிள், நீங்க வேற பாட்டா?" என்றான்.

"ஸ்லைட்டை வெளியே இழுத்தால் போதுமே" என்கிறார் ஒரு மேதை. இழுத்தேன் ஐயா! குழாய் நீண்டால்தான் சுருதி இறங்கும், அதற்கு ஸ்லைட்டின் ஒவ்வொரு காலும் 2 சென்ரிமீற்றர் வெளியே வர வேண்டும். குட்டைக் கால், நடுப்பாட்டில் கழன்று மடியில் விழுந்தது. அப்புறம்தான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரேடியேட்டர் ஒட்டுகிற பாஸிடம் (கைவினைஞரிடம்) போனேன். உடைந்த இன்னொரு கொர்னெட்டின் குழாயில் நீளமான கால் வைத்துச் செய்து தந்தார். ஒவ்வொரு வால்வுக்கும் உள்ள சின்ன ஸ்லைட்களையும் அந்த விகிதத்தில் இழுக்க வேண்டும், மூன்றாவதை 4 மில்லிமீற்றர் போல. அதற்கும் வெட்டு இல்லை.

கீபோட்டின் சுருதியை ஏற்றலாமாம். ஏற்றலாம். இரண்டு ட்ரம்பெட்டையும் ட்ரொம்போனையும் யார் ஏற்றுவது?

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதலாம் வால்வு ஸ்லைட் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுத்தவன் மூன்றாம் நாள் பொறுக்கவில்லை, ரப்பர்ச் சுத்தியலால் தட்டினேன். வளைவில் ஒரு நெளிவு. படத்தில் சிவப்பு வட்டம் போட்டு "வெட்டு" என்று காட்டினீர்களே, அது அதுதான். பாஸ் மேல் பழி போடாதீர்கள், தட்டியது நான். அந்த நெளிவைத் தடவிக்கொண்டு எத்தனை இரவு இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் "குடும்பச் சொத்து" என்று கண்ணீர் விடுகிற மச்சானுக்கு ஒரு வார்த்தை. முப்பது வருஷம் அது அப்பாவின் கட்டிலுக்கடியில் கிடந்தது. கொட்டாஞ்சேனை வீட்டைக் காலி செய்தபோது, பித்தளை கிலோ என்ன விலை போகிறது என்று பழைய சாமான்காரனிடம் கேட்டது யார்? அப்போது அது சொத்தில்லையா? வருஷாவருஷம் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு அப்பப்பா ஊதியது இதைத்தான். அன்று பாண்டில் எல்லாரிடமும் ஹை பிட்ச், அவருக்குப் பிரச்சினை இல்லை. இன்று அவர் இருந்தால் எனக்கு முதல் அவரே பாஸிடம் போயிருப்பார். இது என் ஊகம்தான், அதற்கும் ஒரு வட்டம் போடுங்கள்.

பழைய ஸ்லைட்டை மாட்ட அரை நிமிஷம் போதும். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வாருங்கள், மாட்டித் தருகிறேன். வரும்போது 452ல் கூட ஊத நாலு பேரையும் கூட்டி வாருங்கள்.