வீடியோ போட்டால் மட்டும் போதாது

வகுப்பறையில் வீடியோ, கணினி பயன்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். வகுப்பறைக்குத் திரை வந்துவிட்டாலே பாடம் தானாகப் புரிந்துவிடும் என்ற தொனியில் அது போகிறது. இயற்பியல் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்சுற்றுப் பாடத்துக்கு நானும் முதலில் 15 நிமிட வீடியோதான் போட்டேன். அமைதியாகப் பார்த்தார்கள். மறுநாள் கேட்டால், முதல் பல்பிலேயே மின்னோட்டம் கொஞ்சம் தீர்ந்துபோகும் என்று பாதிப் பேர் தவறாகச் சொன்னார்கள்.

அப்புறம் வழியை மாற்றினேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' என்ற இலவசத் தளத்தில், திரையிலேயே மின்சுற்றைக் கட்டிப் பார்க்கலாம். ஆனால் உடனே இயக்கிக் காட்ட மாட்டேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கின்றன, எது அதிக வெளிச்சம் தரும் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவரோடு வாதாட இரண்டு நிமிடம். பிறகுதான் சுவிட்ச். இரண்டும் ஒரே அளவில் எரியும்போது "எப்படி சார்?" என்று ஒரு குரல் எழும் பாருங்கள், உண்மையில் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்து அவர்களே அளந்து பார்ப்பார்கள்; இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் காட்டும்.

வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளும் இதே போலத்தான். முக்கோணத்தின் முனையைப் பிள்ளைகளே இழுத்துப் பார்க்க வேண்டும், ஆசிரியர் அல்ல.

இணையம் சரியாக வராத பள்ளி என்றால், ஃபெட் கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கணினி இருந்தாலும் இந்த வகுப்பை நடத்திவிட முடியும்.