ஐந்து வாரம் வரவில்லை, ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை

வயிறு எரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கே யாராவது போன் செய்து, "சிஸ்டர், சபைக் காரியத்தை இப்படி வெளியில பேசலாமா?" என்று கேட்பார்கள், தெரியும். கேட்கட்டும். உள்ளே இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு பாட்டியம்மா. இடது பக்கம் மூன்றாவது வரிசை, தூணை ஒட்டிய ஓரத்து இருக்கை. நான் இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து அவரை அந்த இடத்தில் அல்லாமல் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆராதனை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவார். பலகையில் போட்டிருக்கும் பாட்டு எண்களைப் பார்த்து, பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு துண்டுக் காகிதம் செருகி வைத்துக்கொள்வார். தாமதமாக வந்து பக்கம் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்குத் திரும்பி விரலாலேயே எண்ணைக் காட்டுவார். என் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது பிரசங்கத்தின் நடுவில் வீறிட்டு அழுதால், எல்லாரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார்கள், அவர் மட்டும் இரண்டு கைகளையும் நீட்டுவார். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எத்தனை பிரசங்கம் அப்படி எனக்காக விட்டுக்கொடுத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர் ஐந்து ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. எனக்கும் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தூண் பக்கம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள், நான் பாட்டுக்கு வந்தேன், பாடினேன், போனேன். ஆறாவது வாரம் மருந்துக் கடை வரிசையில் அவர் மகனைப் பார்த்தேன். சபைப் பக்கம் அதிகம் வராதவர். "அம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு அக்கா, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நாலு வாரமாச்சு. உங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சேன்" என்றார். உங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சேன். அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது?

அன்றைக்குச் சாயங்காலமே போனேன். சபையிலிருந்து நடந்தால் பத்து நிமிடம், அவ்வளவுதான் தூரம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாக்கர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீயாவது வந்தியேம்மா" என்றார். அந்த "நீயாவது" என்ற வார்த்தையில் குறையே இல்லை, உண்மையான சந்தோஷம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகனுடைய போனில் ஆராதனையை நேரலையில் பார்ப்பாராம். "கேமரா நம்ம ஜனங்க பக்கம் திரும்பும்ல, அப்ப என் இடத்தைப் பாப்பேன். ஒரு வாரம் யாரோ பையை வச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கிளம்பும்போது வேதாகமத்தைத் திறந்தார். உள்ளே ஐந்து காணிக்கைக் கவர்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, ஒட்டி, தனித்தனியாக வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்துக்கும் ஒன்று. "யாராவது சபையிலிருந்து வந்தா குடுத்து விடலாம்னு எடுத்து வச்சேன்மா, பெட்டியில போட்டுரு" என்றார். கை நடுங்க வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதில் என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. நான்காவது வாரம் அவர் மகனுடைய போனுக்குச் சபையிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. வருடச் சந்தா பாக்கி இருக்கிறது, தயவுசெய்து செலுத்தவும் என்று. ஆள் வராதது ஒருவர் கண்ணிலும் படவில்லை, சந்தா வராதது கணக்கில் விழுந்துவிட்டது. பொருளாளர் கெட்டவர் இல்லை, எல்லாருக்கும் ஒன்றாகப் போகிற செய்தியில் இதுவும் போயிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணத்துக்கு ஒரு பதிவேடு, அதைப் பார்க்க ஒருவர், நினைவூட்ட ஒரு ஏற்பாடு என்று எல்லாம் இருக்கிற சபையில் மனுஷருக்கு ஏன் ஒன்றுமே இல்லை?

நம் வாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். செவ்வாய் பெண்கள் கூட்டம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு ஒத்திகை, ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, அப்புறம் வாலிபர் கூட்டம். வாரத்தில் ஐந்து நாள் சபையில் விளக்கு எரிகிறது. இத்தனைக்கும் வருகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. அறிவிப்பு நேரம் கால் மணி நேரம் போகிறது: யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திருமண நாள், ஒலிபெருக்கி யார் உபயம், அடுத்த மாதக் கூட்டத்துக்கு எங்கிருந்து பிரசங்கியார் வருகிறார். நான்கு வாரமாக இன்னார் வரவில்லை, யாருக்காவது தெரியுமா என்று ஒரே ஒரு வரி அந்தக் கால் மணி நேரத்தில் இடம்பிடித்து நான் கேட்டதில்லை. போன கமிட்டிக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கான மிக்ஸர் எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். மிக்ஸர் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. கடைசியில் வருகைப் பதிவு பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், "நேரமாயிருச்சு சிஸ்டர், ஜெபிச்சு முடிக்கலாம்" என்றார்கள்.

வாட்ஸப் குழுவில் பாட்டியம்மாவின் விஷயத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் நாற்பது பேர் கைகூப்பினார்கள். "ஜெபிக்கிறோம்", "கர்த்தர் சுகம் தருவார்", "ஆமென்". எல்லாருமே மனதாரத்தான் போட்டிருப்பார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அந்த வீட்டுக்குப் போனவர்கள் இரண்டு பேர். போதகரும், அவர் மனைவியும். பாட்டியம்மாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, அந்த நாற்பது கைகளை அவர் பார்க்கவே இல்லை. ஜெபிக்கிறோம் என்று எழுதிய கையால் அந்தக் கதவை ஒருமுறை தட்டியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஜெபத்தையே சத்தமாகச் சொல்லியிருக்கலாமே!

"சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்ற வசனம் நம்மில் எல்லாருக்கும் மனப்பாடம். எபிரெயர் 10:25. ஒரு வாரம் வராதவரை மறுவாரம் வாசலில் மடக்கி இதைத்தான் சொல்வோம். அதற்கு முந்தைய வசனத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியம். முதலில் கவனி, அப்புறம் கூடிவருதலைப் பற்றிப் பேசு என்கிற வரிசையில்தான் எழுதியிருக்கிறது. நாம் கவனிக்கிறதை வெட்டிப் போட்டுவிட்டு, வராதவரை அடிக்கிற கம்பாக மீதியை எடுத்து வைத்துக்கொண்டோம். இடுப்பெலும்பு உடைந்தவர் திரும்பி வருகிற அன்றைக்கும் யாராவது ஒருத்தர் "என்ன பாட்டி, ஆளையே காணோம்?" என்று கேட்கத்தான் போகிறார், எனக்கு இப்போதே காதில் கேட்கிறது.

முறுமுறுக்காதீர்கள் என்று ஒரு அண்ணன் சொன்னார். சரி, முறுமுறுப்பைப் பற்றியே பேசலாம். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். சபை பெருகுகிறது, பெருகினவுடனே விதவைகளில் ஒரு பகுதியினர் விட்டுப்போகிறார்கள். அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், எங்கள் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். அதே வார்த்தைதான் அங்கேயும் இருக்கிறது. அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டினார்களா? ஜெபித்து முடிக்கலாம் என்றார்களா? சபை முழுவதையும் கூப்பிட்டு, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, இந்த வேலைக்கென்றே கைகளை வைத்து ஏற்படுத்தினார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு என்று ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். ஒரு முறுமுறுப்பு நியாயமாக இருந்தால் சபை என்ன செய்யவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வராதவர்களைத் தேடிப் போவது நானாகக் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்கிற ஆசிரியர், பின்னால் இரத்தசாட்சியாக மரித்தவர், கி.பி. 155 வாக்கில் ராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கிறது என்று விவரித்திருக்கிறார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும். அதோடு முடியவில்லை. வராதவர்களுக்கு உரிய பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்கிறார். சேர்ந்த காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருக்கிறவர்களுக்கும் அந்நியருக்கும் போகும் என்கிறார். துன்புறுத்தல் நடந்த காலம். கிறிஸ்தவன் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த நிலையிலும் யார் இன்றைக்கு வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்து ஆள் போயிருக்கிறது. நமக்கு மின்விசிறி, ஒலிபெருக்கி, நேரலை, கார் நிறுத்த இடம் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அந்த ஐந்து கவர்களைப் பார்த்ததிலிருந்து இது மனதை விட்டுப் போகவில்லை. 1742இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஜனங்களுக்குக் கட்டிடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து வசூலிப்பது என்று தீர்மானித்தார்கள். முழுக்க முழுக்கப் பண ஏற்பாடு. ஆனால் பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு, எந்த வீட்டில் வியாதி, எங்கே சண்டை, யார் குடியில் விழுந்துவிட்டார் என்பதெல்லாம் தெரியவந்தது. இதுதானே நமக்கு வேண்டும் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். அதிலிருந்துதான் ஒரு தலைவர் தன் பன்னிரண்டு பேரையும் வாரம் ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. அவர்கள் காசு கேட்கப் போய் மனுஷரைப் பார்த்தார்கள். நாம் காசையும் போனிலேயே கேட்டுவிடுகிறோம்.

எல்லாவற்றையும் போதகர் தலையில் கட்டுகிறவர்களைக் கண்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. "பாஸ்டர் போய்ப் பாத்தாரா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் சபையில் ஏறக்குறைய இருநூறு குடும்பங்கள். வாரத்துக்கு நான்கு வீடு என்று விடாமல் போனாலும் ஒரு சுற்று முடிய ஐம்பது வாரம், அதாவது ஒரு வருடம். நடுவில் கல்யாணம், அடக்கம், ஆஸ்பத்திரி, பிரசங்க ஆயத்தம். அந்த மனுஷன் சைக்கிள் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அதே இருநூறு குடும்பத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து இருபது பேர் பொறுப்பெடுத்தால், ஒருவருக்குப் பத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை தன் பத்து வீட்டில் யார் வரவில்லை என்று பார்க்க ஒரு நிமிடம், திங்கட்கிழமைக்குள் ஒரு போன், இரண்டாவது வாரமும் வரவில்லை என்றால் நேரில் போவது. இதற்குப் பணம் வேண்டாம், மேடை வேண்டாம், கமிட்டித் தீர்மானம்கூட வேண்டாம்.

இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். "இந்தக் காலத்துல யாரு சிஸ்டர் வீட்டுக்கு வந்தா விரும்புறாங்க, தொந்தரவா நினைப்பாங்க." யாரைக் கேட்டீர்கள்? வேலைக்குப் போய் அலுத்து வருகிற நம்மைப் போன்றவர்கள் நினைப்போம், இருக்கலாம். நான்கு வாரம் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவர் நினைக்கமாட்டார். வேலை போனதை வெளியில் சொல்ல முடியாமல் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டவர் நினைக்கமாட்டார். குழந்தை இல்லையா, குழந்தை இல்லையா என்று வாசலிலேயே கேட்டுக் கேட்டு விரட்டினோமே ஒரு பெண்ணை, அவர் வேண்டுமானால் நம்மைக் கண்டு பயப்படலாம், அதற்குக் காரணமும் நாம்தான். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்றுதான் நம் ஆண்டவர் சொல்லியிருக்கிறார்.

கவர்களை நான் இன்னும் பெட்டியில் போடவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஐயா கையில் ஐந்தையும் வைத்தேன். தேதி ஒவ்வொன்றையும் வாசித்தார். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்ப என்னிடமே கொடுத்து, "அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துரும்மா, நானே போய் அவங்க கையால வாங்கிக்கிறேன்" என்றார். நேற்றைக்குப் போயிருக்கிறார், பாட்டியம்மாவின் மகன் சொன்னார்.

டாக்டர் இன்னும் ஆறு வாரம் படியேறக் கூடாது என்றிருக்கிறார். செவ்வாயும் சனியும் நான் போகிறேன். மூப்பர் ஐயா வியாழன் எடுத்துக்கொண்டார். மற்ற நாள் எல்லாம் காலியாக இருக்கிறது. நான்கு மணிக்கு மேல் கதவு திறந்துதான் இருக்கும், பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்குப் பாடவேண்டும்.