சாலிட் சவுண்ட்: ஓர் இசைக்குழுவின் காதை நம்பிப் போகும் கூட்டம்

ஓர் இசைக்குழு தனக்குப் பிடித்த கலைஞர்களைத் தானே தேர்ந்தெடுத்து, தன் ரசிகர்களை மூன்று நாள்களுக்கு ஓர் ஊருக்கு வரவழைத்து நடத்தும் சிறிய இசைவிழாவில் கிடைக்கும் அனுபவம், பெருநிறுவனங்கள் நடத்தும் பிரம்மாண்ட விழாக்களில் கிடைப்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது என்பது என் உறுதியான கருத்து. சிகாகோவைச் சேர்ந்த வில்கோ என்னும் ராக் இசைக்குழு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸ் என்னும் சிற்றூரில் நடத்திவரும் சாலிட் சவுண்ட் விழாவை வைத்தே இதைச் சொல்கிறேன். பாஸ்டன் பக்கம் குடியிருப்பதால் அந்த விழாவுக்குச் சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டதையும், அங்கே வரும் மற்ற ரசிகர்கள் பேசக் கேட்டதையும் வைத்து, இத்தகைய விழாக்கள் ஏன் சிறியவையாகவே இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

வில்கோ 1994இல் தொடங்கப்பட்டது; ஜெஃப் ட்வீடி அதன் பாடகர், பாடலாசிரியர். 2004 முதல் அதே ஆறு பேர்தான் சேர்ந்து வாசித்துவருகிறார்கள். முதல் சாலிட் சவுண்ட் 2010 ஆகஸ்டிலும், இரண்டாவது 2011 ஜூனிலும் நடந்தன. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டார்கள். பெருந்தொற்றினால் இடையில் ஓராண்டு தள்ளிப்போய் 2022இலும், பிறகு 2024இலும் நடந்தது.

நார்த் ஆடம்ஸ், மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பெர்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. பாஸ்டனிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மோஹாக் டிரெயில் சாலையில் வந்தால், கொண்டை ஊசி வளைவு ஒன்றைக் கடந்து இறங்கும்போது பள்ளத்தாக்கில் ஊர் தெரியும். விழா நடக்கும் மாஸ் மோகா என்ற நவீனக் கலை அருங்காட்சியகம் முன்பு ஒரு தொழிற்சாலை வளாகமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே துணிகளுக்கு அச்சிட்டார்கள். 1942இல் ஸ்ப்ரேக் எலெக்ட்ரிக் நிறுவனம் வந்து கெப்பாசிட்டர் முதலிய மின்னணு உதிரிப்பாகங்களைத் தயாரித்தது. 1960களில் அங்கே 4,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். ஊரில் உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் அந்தச் சம்பளத்தை நம்பியே இருந்திருக்க வேண்டும். 1985இல் ஆலை மூடப்பட்டது. 1999இல் அதே செங்கல் கட்டடங்கள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. விழாவுக்கு வரும் ரசிகர் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. உயரமான ஜன்னல்களும், கட்டடங்களை இணைக்கும் நடைபாலங்களும், பெயின்ட் உதிர்ந்த தூண்களும் அதைத் தாமே சொல்லிவிடும்.

இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிக்கெட் வாங்கியவர்கள் கலைக்கூடங்களுக்குள்ளும் சென்று வரலாம் என்பதால், ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை வெயிலில் காய வேண்டியதில்லை. உள்ளே போய் நடக்கலாம். அமெரிக்க ஓவியர் சால் லெவிட்டின் சுவரோவியங்கள் 105 அங்கே மூன்று தளங்களில் பரந்து கிடக்கின்றன. அவர் எழுதிவைத்த குறிப்புகளின்படி பல ஓவியர்களும் மாணவர்களும் சேர்ந்து வரைந்தவை அவை. 2008இல் திறக்கப்பட்ட அந்தக் காட்சி 2043 வரை இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். கிட்டார் சத்தம் காதில் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்க, சுவர் முழுவதும் பென்சிலால் இழுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளுக்கு முன்னால் நின்று, எந்தக் கை எங்கே தொடங்கி எங்கே விட்டது என்று கிட்டப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு சிறுவன் தன் அப்பாவிடம், இதை அழித்துவிட்டால் திரும்ப வரைய முடியுமா என்று கேட்டான். குறிப்பு இருக்கும்வரை முடியும் என்றார் அவர். சற்று முன்புதான் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்திய மனிதர் அவர்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெரிய விழாக்களின் பட்டியல், அந்த ஆண்டு யார் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார்கள், எந்தப் பெயருக்கு டிக்கெட் விற்கும் என்ற கணக்கின்படி உருவாகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் பேரை வரவழைக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் சாலிட் சவுண்டின் பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அந்த ஆறு பேரில் யாரோ ஒருவரின் ரசனை இருக்கிறது. 2010இல் மூத்த பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாடினார். அதே ஆண்டு வெளியான அவருடைய இசைத்தொகுப்பைத் தயாரித்தவர் ட்வீடிதான். 2019இல் வந்த வேல்ஸ் நாட்டுப் பாடகி கேட் லே பானைப் பிற்பாடு வில்கோ தன் தயாரிப்பாளராகவே வைத்துக்கொண்டது. 2023இல் வெளியான தொகுப்பு அவர் தயாரித்தது. ஆகவே அந்தப் பட்டியல், ஒரு குழு யாரைக் கேட்டு வளர்ந்தது, இப்போது யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, நாளை யாரோடு வேலை செய்யப்போகிறது என்பதை ரசிகர்களுக்கு முன்கூட்டியே திறந்துகாட்டுவதைப் போன்றது. விருந்து வைப்பவர் தானும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது விருந்தினருக்கு வருமே ஒரு நிம்மதி, அது அங்கே கூடியிருக்கும் எல்லோர் முகத்திலும் தெரியும்.

இந்த நம்பிக்கை ரசிகரின் கேட்கும் பழக்கத்தையே மாற்றிவிடுகிறது என்பதுதான் என் வாதத்தின் மையம். பெரிய விழாக்களில் நான் பார்த்தவரை, பெயர் தெரியாத கலைஞர் பாடும் நேரம் சாப்பாட்டு வரிசையில் நிற்பதற்கான நேரம். நார்த் ஆடம்ஸில் அப்படி நடப்பது குறைவு. 2024இல் ஐரிஸ் டிமென்ட் பாடியபோது, என்னோடு வந்திருந்த தோழிக்கு அவர் யார் என்றே தெரியாது. ஆர்கன்ஸாவில் பிறந்தவர், அறுபதைக் கடந்தவர்; நாட்டுப்புறச் சாயலும் தேவாலயச் சாயலும் கலந்த குரல் அவருடையது. அலங்காரம் துளியும் இல்லாத பாட்டு. முதல் பாட்டின்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி, மூன்றாவது பாட்டுக்குள் அதைப் பைக்குள் வைத்துவிட்டாள். சுற்றிலும் புல்தரையில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் பலரும் அங்கே வந்தது வில்கோவின் மின்கிட்டார் இரைச்சலுக்காகத்தான். ஆனாலும், இவரைக் கேளுங்கள் என்று அந்தக் குழு சொன்னதற்காகவே உட்கார்ந்து கேட்டார்கள்.

குழுவினரும் மேடைக்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு காரில் வந்து இறங்குகிறவர்கள் இல்லை. மூன்று நாளும் அங்கேயேதான் இருக்கிறார்கள். குழுவில் கிட்டார் வாசிக்கும் நெல்ஸ் க்ளைன் தன் ஜாஸ் நண்பர்களோடும், டிரம்ஸ் வாசிக்கும் கிளென் கோட்சி தன் தாளவாத்தியப் படைப்புகளோடும், ஜான் ஸ்டிராட்டும் பேட் சான்சோனும் தங்கள் இன்னொரு குழுவான தி ஆட்டம் டிஃபென்ஸோடும் பிற்பகல்களில் வெவ்வேறு முற்றங்களில் வாசிப்பதுண்டு. நகைச்சுவை நிகழ்ச்சிகளை எழுத்தாளரும் நடிகருமான ஜான் ஹாட்ஜ்மன் தொகுத்து வழங்கியிருக்கிறார். தங்கள் கச்சேரி இல்லாத நேரத்தில் குழுவினர் மற்றவர்களின் மேடையோரம் நின்று கேட்பதை ரசிகர்கள் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, பெரும்பாலும் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த நாகரிகத்தை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவுகளைப் பற்றி ரசிகர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். வழக்கமான கச்சேரியை சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு வேறு எங்கும் செய்யாத ஒன்றைச் செய்வது அவர்கள் வழக்கம். 2013இல் ரசிகர்களிடம் விருப்பப் பட்டியல் கேட்டு, முழுக்க முழுக்கப் பிறருடைய பாடல்களையே வாசித்தார்கள். 2015இல் கச்சேரி முழுவதும் மின்கருவி இரைச்சல் இல்லாத அக்கூஸ்டிக் வாசிப்பு. 2017இல் தங்களது 1996ஆம் ஆண்டு இரட்டைத் தொகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்தார்கள். 2022இல் விழா தொடங்கிய மே 27 அன்றே புதிய இரட்டைத் தொகுப்பு வெளியானது. யாருக்கும் சொற்கள் மனப்பாடம் ஆகாத நிலையில், அதன் பாடல்களை அன்றிரவே கேட்கும் பேறு அங்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. கூட்டமே சேர்ந்து பாடும் வாய்ப்பு இல்லாத ஒரு கச்சேரியைத் தன் சொந்த விழாவின் முதல் இரவில் வைக்கும் துணிவு, வந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்த குழுவுக்குத்தான் வரும்.

இந்த விழாவின் பழைய ரசிகர்களிடம் பேசும்போது அடிக்கடி வரும் இன்னொரு விஷயம், அங்கே கேட்ட மூத்த கலைஞர்கள். 2011இல் தன் குழுவோடு வந்து டிரம்ஸ் வாசித்த, தி பேண்ட் என்ற பழம்பெரும் ராக் குழுவின் லெவோன் ஹெல்ம் 2012 ஏப்ரலில் காலமானார். 2017இல் டெலிவிஷன் என்ற நியூயார்க் ராக் குழுவோடு வந்த அதன் பாடகர் டாம் வெர்லெய்ன் 2023 ஜனவரியில் மறைந்தார். அவர்களை மிகப் பெரிய மேடைகளில், திரையில் மட்டுமே முகம் தெரியும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இருப்பார்கள். கை விரல்கள் தெரியும் தூரத்தில் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசும் விதமே வேறு.

குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. ஊரில் தங்கும் அறைகள் குறைவு. விழா வாரத்தில் சாதாரண மோட்டல்கூட நட்சத்திர விடுதியின் விலை கேட்கிறது. பலர் வெர்மான்ட் எல்லையைத் தாண்டி பென்னிங்டன் வரை போய்த் தங்குகிறார்கள். சம்பளம் குறைந்த இளைஞர்களுக்கு டிக்கெட், பயணம், தங்குமிடம் என்று எல்லாம் சேர்த்தால் கைக்கு எட்டாத தொகை. இதன் விளைவு கூட்டத்தில் தெரிகிறது: நடுவயதைத் தாண்டியவர்கள் அதிகம், வெள்ளையர் அல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாரும் என்னை அந்நியமாக நடத்தியதில்லை; மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி தங்கள் தார்ப்பாய்க்குள் எங்களுக்கு இடம் கொடுத்து, கையில் இருந்த சோளப்பொரியையும் பகிர்ந்துகொண்டார்கள். ஆனாலும், கூட்டத்தை நிமிர்ந்து பார்க்கும்போது ஏற்படும் கேள்வி அந்த அன்பினால் மறைந்துவிடுவதில்லை. ஒரு குழுவின் ரசனையை நம்பி நடக்கும் விழாவில், அந்த ரசனையின் எல்லைகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. மேடைப் பட்டியல் இன்னும் விரிவாக வேண்டும் என்று கேட்பது ரசிகர்களின் உரிமை. உண்மையில் அது அவர்களின் பொறுப்பும்கூட.

விரிவாக வேண்டும் என்பதைப் பெரிதாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இவ்வகை விழாக்களுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது, 1999 ஏப்ரலில் கிளாஸ்கோவின் பெல் அண்ட் செபாஸ்டியன் குழு கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் நடத்திய பௌலி வீக்கெண்டர் என்னும் விழா. குடும்பங்கள் கோடை விடுமுறைக்குத் தங்கும் பழைய விடுதி வளாகம் அது. கூடாரமும் சேறும் கிடையாது; ரசிகர்களும் கலைஞர்களும் ஒரே மாதிரியான சின்ன வீடுகளில் அக்கம்பக்கமாகத் தங்கினார்கள். அதிலிருந்து பிறந்த ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் என்னும் விழா அமைப்பு, 2000இல் மொக்வாய், 2001இல் டார்ட்டாய்ஸ், 2002இல் ஷெல்லாக் என்று ஒவ்வொரு முறையும் ஒரு குழுவின் கையில் தேர்வை ஒப்படைத்தது. கலைஞர்கள் ரசிகர்களோடு ஒரே வரிசையில் நின்று காப்பி வாங்கிய கதைகளை அங்கே போய் வந்தவர்கள் இன்றும் ஆசையாகச் சொல்வார்கள். பிறகு அந்த அமைப்பு நியூயார்க், ஆஸ்திரேலியா, ஐஸ்லாந்து என்று விரிந்துகொண்டே போனது. நிதி நெருக்கடிகளும் வந்தன. 2014 ஆகஸ்டில் லண்டனில் அந்த அமைப்பு நடத்த இருந்த ஜாபர்வாக்கி விழா, மூன்று நாள்களுக்கு முன்பு கைவிடப்பட்டது. 2016இல் அமைப்பே மூடப்பட்டது. விமானச் சீட்டும் விடுதியும் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கோபத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இத்தகைய விழாவில் ரசிகர் கொடுக்கும் முதல் பொருள் நம்பிக்கைதான் என்பதால், அது உடையும்போது ஏற்படும் வலியும் அதிகம்.

சாலிட் சவுண்ட் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு, அது ஒரே ஊரை விட்டு நகராததும், பெருந்தொற்றுக் காலம் தவிர இரண்டாண்டு இடைவெளியை விடாமல் காப்பதும், இடமும் ஊழியர்களும் உள்ள ஓர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து இயங்குவதும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நடத்தினால் என்ன என்று கேட்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்; அவர்களின் ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு குழு இரண்டாண்டுகள் புதிதாகக் கேட்டு, பயணம் செய்து, வியந்து, அதன்பின் அழைத்தால்தான் அந்தப் பட்டியலுக்கு உயிர் இருக்கும். மேடைகளைக் கூட்டுவதற்குப் பதிலாக, அதே மேடைகளில் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் இன்னும் சிலரை ஏற்றலாம். மாணவர்களுக்கும் நார்த் ஆடம்ஸ் ஊர்க்காரர்களுக்கும் குறைந்த விலையில் ஒருநாள் டிக்கெட்டுகளை ஒதுக்கலாம். இந்த இரண்டையும் நான் விழாக் குழுவுக்குக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் அறையைப் பதிவு செய்துவிடுங்கள். மழைக்கோட்டும், பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவுக் கச்சேரிக்காக மட்டும் மாலையில் வந்து சேராமல், மதியத்துக்குள் வந்துவிடுங்கள். பெயர் தெரியாத ஒருவர் அப்போது சின்ன முற்றத்தில் பாடிக்கொண்டிருப்பார்.