அறுபது தாண்டினால் கொம்பியூட்டர் மருந்தை மறுக்குமா?

"இனிப் புற்றுநோய்க்கு டொக்டர் இல்லை, கொம்பியூட்டர்தான் மருந்து எழுதும். அறுபது தாண்டினவைக்கு வேண்டாம் எண்டு போட்டுவிடும்." கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு இது. எந்த ஆஸ்பத்திரி என்றுகூடப் பேசுபவர் சொல்லவில்லை. தகவல் பிழை.

மருத்துவருக்குத் துணைநிற்கும் கணினி நிரல்கள் இருப்பது உண்மை, புதிதும் அல்ல. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1981 இலேயே 'ஒன்கோசின்' என்ற நிரல் வந்துவிட்டது. நோயாளியின் விபரங்களையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் கொடுத்தால் கீமோ எனும் புற்றுநோய் மருந்தின் அளவைக் கணக்குப் பார்த்துச் சொல்லும். வெள்ளணு குறைந்திருந்தால் அளவைக் குறைக்கவோ பிற்போடவோ சொல்லும். மருத்துவர் அதை ஏற்கலாம், மாற்றலாம். சிகிச்சையை முடிவெடுக்கும்போது வயதும் பார்க்கப்படும்தான். ஆனால் அறுபது என்று வெட்டுக்கோடு எதுவும் இல்லை. சிறுநீரகமும் இதயமும் மருந்தைத் தாங்குமா என்பதே பெரிய கேள்வி.

அதற்காக இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தின் 'வட்சன்' எனும் புற்றுநோய் ஆலோசனை நிரல் தந்த சில பரிந்துரைகள் பாதுகாப்பற்றவை என்று அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களே சொன்னது 2018 இல் வெளிவந்தது. பெரும்பாலும் கற்பனை நோயாளிகளை வைத்துத்தான் அதற்குப் பாடம் நடந்திருந்தது!

புதுக்குடியிருப்பிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்தக் குரல்பதிவைக் கேட்டுக் கிளினிக் திகதியை விட்டுவிடாதீர்கள். நாட்டுமருந்து குடித்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.