மைக் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நேற்று அந்தப் பேச்சில் ஒரு துண்டை மட்டும் வெட்டி, பின்னால் கீபோர்டு இசை சேர்த்து, எங்கள் சபை வாலிபர் குரூப்பிலேயே ஒரு தம்பி போட்டுவிட்டார். கீழே வரிசையாக ஆமென். அதற்கு மேல் முடியவில்லை.

எந்தப் பேச்சு என்று தருமபுரி, பாலக்கோடு ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நற்செய்திக் கூட்டத்தின் கடைசி நாள், மேடையில் ஒரு பிரசங்கியார் பேசியது. "ஊழியத்துக்கு வந்தவன் பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்த்தால், கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவன்!" கைதட்டல். அல்லேலூயா. பிறகு, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி கதை.

பிரசங்கியார் பெயரை எழுதப்போவதில்லை. நன்றாகவே பேசுகிறவர். (போஸ்டரில் மனைவியோடு நிற்கிற படம்தான் போட்டிருந்தார். காரை ஓட்டி வந்தது மகன். சரி, விடுங்கள்.) அவர் இதைச் சொன்ன நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் அம்மா சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கக் காதைப் பிடித்திருந்தது நான். மைக் சத்தம் அங்கே வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அம்மா முகத்தைப் பார்த்தேன். "துணிய நாலா மடிச்சுப் புடி, சுட்டுடும்" என்றார். அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. குடும்பம் ஊழியத்துக்குத் தடை இல்லை. ஊழியத்தைச் செய்வதே குடும்பம்தான். பெயர் மட்டும் ஒருத்தருக்குப் போகிறது.

அப்பா பாஸ்டர். பாலக்கோட்டைச் சுற்றிய கிராமங்களில் 28 வருஷம். டிவிஎஸ் 50-ல் போவார், வருவார். வீட்டில் நடந்ததை யார் எழுதி வைத்தார்கள்? திருவிருந்துத் துணியை நீலம் போட்டு அலசியது அம்மா. சண்டே ஸ்கூல் அம்மா. ராத்திரி 11 மணிக்குப் புருஷன் அடித்துவிட்டான் என்று வந்து நின்ற பெண்ணுக்குப் பாய் விரித்ததும் அம்மா, விடிய விடிய அவள் சொன்னதைக் கேட்டதும் அம்மா. அந்தக் கதையை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கவே முடியாது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது எங்கள் வீட்டு ஆணியில் மாட்டத்தான்.

சபை ஜனங்களையும் சொல்லியாக வேண்டும். காணிக்கைப் பையில் என்ன விழும் என்று எனக்குத் தெரியும், எண்ணியது நானும் தம்பியும். ஆனால் மண்டியில் தக்காளி விலை சரிந்தால் எங்கள் திண்ணை நிறைந்துவிடும். கிரேட் கிரேட்டாக. ஒரு வாரத்துக்குத் தொக்கு, சட்னி, குழம்பு, மறுபடி தொக்கு. அப்போது எரிச்சலாக இருக்கும். ராகி மூட்டையைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான். களிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

இப்போது கேரி. அவரைப் போலக் குடும்பத்தைப் பாராமல் ஓட வேண்டுமாம். அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்று மேடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மனைவி டாரத்தி முதலில் வர மறுத்தார். தங்கச்சி கூட வந்தால்தான் வருவேன் என்று சொல்லி, 1793-ல் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். அடுத்த வருஷமே 5 வயது மகன் பீட்டர் சீதபேதியில் செத்தான். அதன் பிறகு டாரத்தியின் மனம் கலங்கியது, தேறவே இல்லை. 1807-ல் சாகும் வரைக்கும் அப்படியே. கேரி பெரிய மனுஷர், மறுக்கவில்லை. அந்த அம்மாவைத் தாண்டிப் போய்விட்டு என்னிடம் 'முன்மாதிரி' என்று சொல்லாதீர்கள்.

கமெண்டில் லூக்கா 14:26 வரும், தெரியும். தகப்பனையும் தாயையும் மனைவியையும் வெறுக்காவிட்டால் சீஷன் ஆக முடியாது என்பது. அதைச் சொன்ன இயேசுதான் சிலுவையில் தொங்கிக்கொண்டே அம்மாவை யோவானிடம் ஒப்படைத்தார். பேதுருவின் வீட்டுக்குப் போய், காய்ச்சலில் கிடந்த அவர் மாமியாரைச் சுகமாக்கினார். பேதுரு பிற்பாடு மனைவியைக் கூட்டிக்கொண்டுதான் ஊழியத்துக்குப் போனார் என்று பவுலே எழுதுகிறார், 1 கொரிந்தியர் 9:5. எடுத்துப் பாருங்கள்.

பவுல் கல்யாணம் பண்ணவில்லையே என்பீர்கள். சரி. நீங்களும் பண்ணாமல் இருந்திருக்கலாம். கோவிலூரிலும் எலத்தகிரியிலும் இருக்கிற கத்தோலிக்கத் தோழிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சாமியார்கள் கல்யாணம் இல்லாமல்தான் இருக்கிறார்கள், அது நேர்மை. ஒருத்தியை அடுப்படியில் நிறுத்திவிட்டு மேடையில் துறவறம் பேசுவதில்லை.

"பாஸ்டர் மகளே இப்படி எழுதலாமா?" பாஸ்டர் மகள்தான் எழுத வேண்டும். வேறு யாருக்குத் தெரியும்?

தம்பிக்கு 6 வயதில் ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி இழுப்பு வந்தது. அப்பா தேன்கனிக்கோட்டைப் பக்கம் உபவாசக் கூட்டத்தில். அப்போது எங்களிடம் செல்போன் கிடையாது. அம்மா வாசலில் நின்று கத்தினார். ஓடி வந்தது பக்கத்து வீட்டு அத்தை. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அத்தை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமாவின் பால் வண்டியில் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு. சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை அம்மா கையில் திணித்தார். விடியும் வரைக்கும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாட்சி சொன்னார். "நான் கர்த்தருடைய வேலையில் இருந்தேன், கர்த்தர் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்." சபை முழுக்க ஸ்தோத்திரம். அத்தை பெயர் வரவில்லை. ஜன்னல் வழியாக அவர்கள் வீட்டுக் கூரை தெரிந்துகொண்டே இருந்தது. 13 வயதில் பார்த்தது. இன்னும் மறக்கவில்லை.

கர்த்தர் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. யார் கையை வைத்துச் செய்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்த வீடியோவை ஷேர் பண்ணினவர்கள் கடைசி சில விநாடியை இன்னொரு தடவை பாருங்கள். முன் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆமென் சொல்கிறவர் எங்கள் அப்பா.

அம்மாவிடம் நேற்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கிட்டத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"அப்பா நல்லா விழுந்திருக்காரு. சட்டையும் பளிச்சுன்னு தெரியுது பாரு" என்றார்.