நிலைவாசலை விட்டுட்டு வளவுல ஏன்யா அடிச்சுக்கிறீங்க?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடு பிடிச்சு சண்டைக் காட்சி எடுக்கிற டைரக்டர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மனு.

அடியாள் 20 பேர், நடுவுல ஹீரோ. ஒருத்தன் அடி வாங்கி விழுற வரைக்கும் மீதி 19 பேரும் கம்பை ஆட்டிக்கிட்டு, பந்திக்கு எடம் பார்த்து நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. இது சோம்பேறித்தனத்துல வந்த வழக்கமில்லை. நாலு பேர் ஒண்ணாப் பாய்ஞ்சா யார் கை யார் மூக்குல படும்னு ஸ்டண்ட் மாஸ்டர் கணக்கு வைக்க முடியாது. அதனாலதான் ஒண்ணு குத்து, ரெண்டு குனி, மூணு உதைனு எண்ணி எண்ணி ஒத்திகை பார்க்கிறாங்க. சரிதான். ஆனா வரிசையா வர்றதுக்குப் பார்க்கிறவனுக்கு ஒரு காரணம் வேணும்ல?

அந்தக் காரணத்தைச் செட்டிநாட்டு வீடு சும்மாவே தருது. இரட்டைக் கதவுல ஒண்ணைச் சாத்திட்டா, நிலைவாசல்ல ஒரு ஆள்தான் நுழைய முடியும். கீழே வாசப்படிக் கட்டை வேற. அதைத் தாண்ட காலைத் தூக்கியே ஆகணும். தூக்குற நொடியில அவன் ஒத்தைக் கால்ல நிக்கிறான். லேசா ஒரு தள்ளு போதும், பின்னால வர்ற மூணு பேர் மேல சாய்வான். ரோப்பும் வேண்டாம், கிராஃபிக்ஸும் வேண்டாம். இதை விட்டுட்டு ஹீரோ வளவு வாசல் நடுவுல, அதான் வீட்டு உள்முற்றத்துல, நாலு பக்கமும் திறந்த இடத்துல நின்னு 'வாங்கடா' என்கிறார்.

குத்து விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கேமரா அடி வாங்குறவன் தோளுக்குப் பின்னால. முஷ்டி முகத்துக்கு ஒரு சாண் முன்னால குறுக்கே போகும். தலை அதோடயே திரும்பணும். தலை முந்திட்டா ரீடேக். பக்கவாட்டுல கேமரா வெச்சா அந்த ஒரு சாண் இடைவெளி பல்லை இளிக்கும். சத்தமெல்லாம் அப்புறம் சேர்க்கிறது. நிஜத்துல தாடையில வெறுங்கையால குத்தினா, குத்தினவனோட சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் முதல்ல போகும். நம்மாளு 20 தாடை பேத்துட்டு அதே கையால மீசையை முறுக்குறாரு.

அடுத்தது தூண். ஆள் போய் மோதினதும் தூண் தூள் தூளாகுது. அது பர்மா தேக்குய்யா! மோதினவன்தான் தூளாவான். உடையுறது பக்கத்துல நட்டு வெச்ச தெர்மாகோல் தூண். அது தெரியாம இருக்க நிழல்ல வைக்கணும், வைக்க மாட்டாங்க. அருவாள் தேக்குல பட்டா தீப்பொறியும் வராது, மரத்துல கடிச்சு நிக்கும். ரெண்டு கையால ஆட்டி ஆட்டி உருவணும். வில்லன் அருவாளை உருவ முடியாம முழிக்கிற அந்த அஞ்சு செகண்ட், பஞ்ச் டயலாக்கை விட நூறு மடங்கு பிரமாதமா இருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லுல, அதான் தரையில பதிச்ச பூப்போட்ட டைல்ஸ்ல, விழுறது இன்னொரு கொடுமை. கண்ணாடித் தட்டு மேல வார்க்கிறதால முகம் வழுவழுனு இருக்கும், அடியில முழுக்க சிமெண்ட். ஃபைட்டர் சட்டைக்குள்ள முழங்கை, முழங்கால், முதுகுனு பேட் கட்டித்தான் விழுறார். மெத்தை போட்டா கல்லோட பூ மறைஞ்சிடும்னு கேமராமேன் அழுவார். தொடைச்சு வெச்ச அந்தத் தரையில ஹீரோ காலை ஊன்றினதும் புழுதி கிளம்புதே, அது எங்கேருந்து வருது? புழுதி வேணும்னா ஊருக்கு வெளியே செம்மண் பொட்டல் கிடக்கு, அங்க போங்க. வீட்டுக்குள்ள அந்தப் பொடியை ஊதினா, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவரைத் துடைக்க யார் வர்றது? ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளி தெரியுமா? ஷூட்டிங்குக்கு அத்தனை பேரும் தலையாட்டணும். சுவர்ல ஒரு கறை விழுந்தா நிஜமான சண்டை அப்பதான் ஆரம்பிக்கும்.

வேட்டி அவிழாததைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லை. உள்ளே ஒட்டுப்பட்டி, அதுக்குள்ள டிரவுசர். அது தொழில் தர்மம்.

கடைசியா ஒண்ணு. இந்த வீடுகள் பல, ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முகப்புல நின்னா ஒவ்வொரு கட்டாத் தாண்டி பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டுல தெரியும். ஒளிப்பதிவாளர் அதை ஆசை ஆசையா ஃப்ரேம்ல வைக்கிறார். 19 பேர் எலும்பு முறிஞ்சு கிடக்கிறதைப் பார்த்த இருபதாவது ஆளுக்குப் பின்னாலேயே அந்தக் கதவு ஆன்னு திறந்து கிடக்கு. அவன் மட்டும் 'டேய்ய்ய்'னு கத்திக்கிட்டு ஹீரோவைப் பார்த்தே ஓடி வர்றான்.