கூலி என்று ஒரு வரி

பழைய புல்லட்டைப் புதுப்பித்துவிட்டேன் என்று படம் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: இன்ஜினைத் திறந்தீர்களா? பெரும்பாலும் பதில் வராது. டேங்குக்குப் புதுப் பெயிண்ட், சைலன்சருக்குக் குரோம், சீட்டுக்குத் தோல் உறை. உள்ளே போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, தேய்ந்து புகை கக்குகிற அதே வண்டி. அலங்காரம் செய்துகொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் வைக்காதீர்கள்.

பெரியப்பா எழுபதுகளில் வாங்கிய புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில், ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் பிறந்த மாடல் இது. இந்திய ராணுவத்தின் தேவைக்காகக் கடல் கடந்து வந்தது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, சென்னை திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. பிறகு இங்கிலாந்தின் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. 70 மி.மீ. சிலிண்டர் விட்டம், 90 மி.மீ. பிஸ்டன் ஓட்டம் கொண்ட அந்த வார்ப்பிரும்பு இன்ஜினையோ திருவொற்றியூர் பெரிதாக மாற்றாமல் இந்த நூற்றாண்டு வரை செய்துகொண்டிருந்தது. சோம்பல் என்பார்கள் சிலர். இருக்கட்டும். அதனால்தான் மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் ஒரே இன்ஜினில் கை பழகினார்கள்.

டேப்பட், அதாவது வால்வுகளைத் திறக்கும் பாகங்களின் இடைவெளி, சரிசெய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இன்ஜினின் வலப்பக்கம் ஒரு சிறிய மூடி. கழற்றினால் வால்வுகளை இயக்கும் இரண்டு கம்பிகளின், அதாவது புஷ் ராடுகளின், அடிப்பகுதி தெரியும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகி, இரண்டு விரலால் ராடை உருட்டிப் பார்க்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடவே கூடாது. நட்டை இறுக்கும்போது அளவு மெல்ல நகர்ந்துவிடும், அதனால் மறுபடி உருட்டல், மறுபடி தளர்த்தல். "அவசரமா தம்பி?" என்று கேட்டுவிட்டு மூன்றாம் முறையும் தொடங்கினார்.

வண்டியைப் படைத்தவர்கள் கடைசித் தீர்ப்பைத் தொழிற்சாலையிலேயே எழுதி முடிக்கவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, அதைத் தெருவோரப் பட்டறையின் விரல்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கைவினை என்று நான் நினைப்பது அந்த இடைவெளியில் எடுக்கப்படும் முடிவைத்தான். லேத் பட்டறையிலும் இதே கதை. சிலிண்டரை மட்டும் கொண்டுபோனால் அங்கே கை வைக்க மாட்டார்கள். "பிஸ்டன் எங்கே?" என்பார்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் போர் போடுவார்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. கூடினால் சத்தம், குறைந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொன்னால் உடனே 'அந்தக் காலத்து இரும்பு' என்று உருகக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்த உருக்கம் இல்லை. தீப்பொறிக்கான பழைய பாயின்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினேன், மழைநாளில் நிம்மதியாக இருக்கிறது. வலப்பக்கக் கியரை இடப்பக்கம் மாற்றச் சொன்னவர்களுக்கு மட்டும் மறுத்துவிட்டேன். அது வண்டியின் குணம்.

டேங்கையும் தொடவில்லை. அதிலுள்ள தங்கக் கோடு தூரிகையால், கையால் இழுக்கப்பட்டது. முழங்கால் உரசும் இடத்தில் பாதி அழிந்திருக்கிறது. அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்து பில் வந்தது. பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கெட் என்று நீண்ட பட்டியல். கடைசியில் 'கூலி' என்று ஒரு வரி. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடையில் பாகங்களுக்குச் சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறவர்கள், பட்டறைக்கு வந்ததும் அந்த ஒரு வரியில்தான் பேரம் பேசுகிறார்கள். அண்ணனிடம் வேலை கற்க வந்த பையன் சில மாதங்களிலேயே உணவு டெலிவரிக்குப் போய்விட்டான். அங்கே வருமானம் கூடுதலாம். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.